சின்னையாவின் இடுப்பில் வைத்த கிண்ணம்

“சின்னு மாமா...” என்று நான் ஆரம்பித்ததும் கான்ஸ்டபிள் லோகேஸ்வரி, “ஆன்டி, மொதல்ல பேரு, வயசு, அட்ரஸ் சொல்லுங்க. அங்கிளை அப்புறம் கூப்பிடலாம்” என்றார்.

என் பெயர் இராஜம்மா. வயது அறுபத்திரண்டு. கிள்ளான், மேருவில் குடியிருக்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவள். இறந்துபோன லோரி ஓட்டுநர் சின்னையா என் வீட்டுக்காரர்.

அவருக்கு இடுப்பில் முதலில் வைத்த செயற்கை மூட்டு கழன்று, சுற்றியிருந்த எலும்பும் தேய்ந்துவிட்டது. அதன் பிறகு கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, அவர் எலும்பின் அளவுக்கே டைட்டேனியத்தில் ஒரு கிண்ணம் செய்து வரவழைத்தார்கள். அதற்கு மூன்று காதுகள், காதுகளில் திருகாணி ஓட்டைகள். டாக்டர் சிவேந்திரன் அவருடைய இடுப்பெலும்பைப் பிளாஸ்டிக்கில் அச்சாக எடுத்து, கிண்ணம் எங்கே உட்காரும் என்று பொருத்திக் காட்டினார். வீட்டுக்காரர் அந்த எலும்பை வாங்கி என் மடியில் வைத்து, “தூக்கிப் பாரு, நான் அவ்வளவு கனமில்ல” என்றார்.

அதன் பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கம்ப்யூட்டரில் போட்ட திட்டத்தைவிடக் கிண்ணம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு பரவாயில்லை என்றார். அதன் பிறகு வீட்டுக்கு வந்து, முதலில் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு எதுவும் இல்லாமல் காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தார். வலிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம், “புது டயர் மாதிரி ஓடுது லா” என்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொள்வார். அதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு நாள் குளியலறையில் விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் இறந்தார். கிண்ணம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க, உடலை ஒருமுறை ஸ்கேன் செய்ய டாக்டர் அனுமதி கேட்டார். என் கொழுந்தன் இராமலிங்கம், “செத்த பிறகுமா எங்க அண்ணனை மெஷினுக்குள்ள தள்ளுவீங்க?” என்று சத்தம் போட்டு மறுத்தார். தகனம் ஆனது. மறுநாள் அஸ்தி எடுக்கையில் கிண்ணம் சாம்பலுக்குள் உருகாமல் கிடந்தது. கொழுந்தன் அதைத் துண்டில் சுற்றி எடுத்து, கோணலாக வைத்ததால்தான் அண்ணன் விழுந்தார், இதுவே சாட்சி என்று இங்கே புகார் கொடுத்தார். கோணலா நேரா என்பதை எலும்போடு இருக்கும்போதுதான் அளக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலும்பு இப்போது கலயத்தில் இருக்கிறது.

அதன் பிறகு கொழுந்தன் வீட்டுக்கு வந்து, “அண்ணே தெனமும் வலியில துடிச்சாருன்னு சொல்லுங்க அண்ணி, அது போதும்” என்றார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் சொல்ல மாட்டேன். வலியே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

அஸ்தியை இன்னும் கடலில் கரைக்கவில்லை. அவர் உடம்பில் எரியாமல் மிஞ்சியது அந்தக் கிண்ணம் ஒன்றுதான். போலீஸ் அதைத் திருப்பிக் கொடுத்தால் அஸ்தியோடு சேர்த்தே கடலில் விடுவேன்.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. தமிழில் படித்துக் காட்டினார்கள், ஒத்துக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

இராஜம்மா

கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். “இது கேஸுக்கு வேணாம் ஆன்டி” என்ற லோகேஸ்வரி, பிறகு எழுதிக்கொண்டார்.

சின்னு மாமா, நெசமாவே வலிக்கலையா, இல்ல எனக்காக அப்படிச் சொன்னீங்களா?