இடது கைக்கு வெறும் கட்டு

தேயிலை விளையும் ஊரில்தான் மட்டமான தேநீர் கிடைக்கிறது. நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடுகிறது. நீங்கள் தந்த தேநீரைக் குறை சொல்லவில்லை. பொலிஸ் விசாரணை அறையில் இதற்கு மேல் எதிர்பார்ப்பவன் முட்டாள்.

உங்களில் ஒருவருக்கும் குளிர் பிளாஸ்மா என்றால் என்னவென்று தெரியாது. எளிமையாகவே சொல்கிறேன். அது பேனா போன்ற ஒரு கருவி. நுனியில் மின்சாரம் காற்றைச் சீண்ட, ஊதா வெளிச்சம் கசியும். சுடாது. வெந்த புண்ணில் காட்டினால் கிருமி சாகும், தோல் வளரத் தொடங்கும். அதன்மேல் மீன்தோலிலிருந்து எடுத்த கொலாஜன் தாளை ஒட்டிவிட்டால், பந்தலில் கொடி ஏறுவதுபோல் புதுத்தோல் அதைப் பற்றிக்கொண்டு பரவும். பதுளையில் அதை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மற்ற டொக்டர்மார் என் கிளினிக்கை 'நிமலனின் லைட்டுக் கடை' என்றார்கள். ஆயுள் முழுக்கக் களிம்பு தடவியவர்களுக்கு வேறு என்ன பேச்சு வரும்?

சிவசக்தி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். கோயில் திருவிழாவுக்குச் சோறு வடிக்கும்போது அண்டா சரிந்து, கொதிக்கும் கஞ்சி இரண்டு முன்கைகளிலும் கொட்டிவிட்டது. புருஷன் மாரிசாமி வேன் பிடித்துக் கூட்டிவந்தான். கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் எனக்கு உண்டானது மகிழ்ச்சி. மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு கைகளும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் வெந்திருந்தன. வலது கைக்குப் பிளாஸ்மாவும் கொலாஜனும், இடது கைக்கு வெறும் கட்டு. ஒரே உடம்பின் இரண்டு கைகளைப் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கொழும்பு மருத்துவ மாநாட்டில் ஒருவனும் வாய் திறக்க முடியாது.

கிளினிக்கிலேயே தங்கவைத்துப் பார்த்ததில் வலது கை அழகாகத் தேறியது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இந்தக் கைக்கும் அந்த லைட்டப் புடிங்களேன், டொக்டர் ஐயா. குளுகுளுன்னு இருக்கு."

"அந்தக் கை தாங்காது."

"ஐயாவுக்குத் தெரியாததா" என்று இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த மனிதர்களை நம்பவைக்கப் பெரிய பாடில்லை. வெள்ளைக் கோட்டு போதும்.

பிறகு இடது கையும் ஓரங்களில் சிவந்து தேறத் தொடங்கியது. நான் பண்டாரவளைக்குப் போன வேளைகளில் என் தாதி ஷிப்னா அதற்கும் வெளிச்சம் காட்டியிருக்கிறாள். கேட்டபோது மறுக்கவில்லை.

"அவங்களுக்கு ரெண்டு கையும் வேணும் சேர். ஒத்தக் கையால கொழுந்து பறிக்க ஏலாது."

ஆராய்ச்சியைக் கெடுப்பதற்கு இரக்கத்தைப்போல ஒன்றில்லை. அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன். அதன்பிறகு கட்டு மாற்றியது நான் மட்டும். ஷிப்னா கெடுத்ததைத் திருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் இடது கையில் முளைத்திருந்த புதுத்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். அழுக்கு எடுக்கிறேன் என்று சொன்னேன். சிவசக்தி தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வாள். முடிந்ததும் கும்பிடுவாள்.

காய்ச்சல் வந்தது. புண்ணிலிருந்து நாற்றமும் வந்தது. மாரிசாமி கதவோரம் நின்றபடியே பேசினான்.

"ராவெல்லாம் அனத்துறா ஐயா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரட்டுமா?"

"அங்கே கையை வெட்டிவிடுவார்கள்" என்றேன்.

அவன் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். தன்னால் மனைவியின் கை போய்விடக் கூடாது என்று அவன் பயந்தான். அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். கடைசிப் படம் எடுக்க வலது கை இன்னும் கொஞ்சம் தேற வேண்டியிருந்தது. தேறியதும் எடுத்தேன். அதில் தழும்பு தேடினாலும் கிடைக்காது. மறுநாள் இரத்தத்தில் விஷம் ஏறி அவள் என் கிளினிக் கட்டிலில் செத்துப்போனாள். மாரிசாமி, தேறிய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். என்னை அவன் திட்டவில்லை. தாமதித்தது தான்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தான். நான் அவனைத் திருத்தவில்லை.

உங்கள் தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் என்னை அவமதிக்கிறது. நான் எதிலும் கவனம் குறைந்தவனில்லை. தெரிந்தே சுரண்டினேன். காய்ச்சல் அவளைக் கொல்லும் என்று தெரிந்தே தடுத்துவைத்தேன். சிவசக்தியைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் விசாரணையை இழுத்தடிக்காதீர்கள். மொனராகலையில் கரும்புத் தோட்டத்து ஆள் ஒருவருக்கு இரண்டு கால்களும் தீயில் வெந்துவிட்டனவாம், முழங்கால்வரை ஒரே சமமாக. பாவம், அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? என்னை வெளியே விட்டால் நான் போய்க் காப்பாற்றுவேன், ஒரு காலையாவது.