எதிர்க்கடைச் சாப்பாட்டைத் திருப்பியனுப்பிய பெரியக்காவுக்கு

வாசலில் நின்றே வாழ்நாளின் பெரும்பகுதியை வழங்கிய வாஞ்சையே! பசித்து வந்தவர் முகம் சுருங்குமுன் இருக்கை காட்டிய இன்முகமே! அழும் குழந்தையின் கையில் முதலில் ரொட்டித்துண்டைத் தந்து, அதன் தாயின் கையில் பிறகே உணவுப்பட்டியலைத் தந்த அனுபவமே! எங்கள் குடும்ப உணவகத்தின் வரவேற்பு மேற்பார்வையாளராக இருந்து இன்று பணிநிறைவு பெறும் பெரியக்காவே! தலைகுனிந்து வணங்குகிறோம். குனிவதற்குக் காரணம் மரியாதை மட்டும் அல்ல என்பது தங்களுக்கே தெரியும்.

இம்மடலை நம் காசாளர் காலையிலேயே எழுதி முடித்துவிட்டார். அதில் பொன்னும் பூவும் நிலவும் போதுமான அளவு இருந்தன. கண்ணாடிச் சட்டம் போட அனுப்புவதுதான் பாக்கி. மதியம் நடந்ததற்குப் பிறகு அதை அப்படியே வாசிக்க அவருக்கு வாய் வரவில்லை. தங்கள் பெருமையைச் சொல்லும் பத்திகளை வைத்துக்கொண்டு, எங்கள் பெருமையைச் சொல்லும் பத்திகளைக் கிழித்துவிட்டோம்.

இந்நிறுவனத்தின் முதல் கடை இதுதான். அந்நாளில் ஞாயிற்றுக்கிழமை வரிசை தெருமுனை மருந்துக்கடை வரை நீளும். பிறந்தநாள் பிள்ளைகள் வருவார்கள், புதுமணத் தம்பதிகள் வருவார்கள், சண்டை போட்டுச் சமாதானமான சம்பந்திகளும் வருவார்கள். எந்த இருவருக்குள் இன்னும் முகங்கொடுத்துப் பேச்சில்லை என்பதை நாற்காலியை இழுக்கும் விதத்திலேயே கண்டுகொண்டு, நடுவில் ஒரு தாத்தாவை உட்காரவைத்துவிடும் நுண்ணறிவு தங்களுடையது. என்ன சாப்பிடலாம் என்று கேட்டவர்களிடம், "சூப் சொல்லுங்க, நல்லா இருக்கும்" என்பீர்கள். தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

ஒரு கடை பல கடைகள் ஆயிற்று. எல்லாக் கிளைக்கும் ஒரே ருசி வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஊருக்கு வெளியே பொதுச் சமையற்கூடம் கட்டியது. சூப் பையில் வந்தது, குழம்பு பையில் வந்தது, நறுக்கிய வெங்காயம்கூடப் பையில் வந்தது. நம் தலைமைச் சமையற்காரர் கரண்டியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலைப் பிடித்தார். சூப் கொதித்த பெரிய பானைக்குள் கை துடைக்கும் காகிதக் கட்டுகள் குடியேறின. எல்லாக் கிளையிலும் ஒரே ருசி வந்தது உண்மைதான். அது யாருக்கும் பிடிக்கவில்லை. குடும்பங்கள் தங்கள் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்து, ஆளுக்கொரு கடையிலிருந்து போனில் வரவழைத்துச் சாப்பிடத் தொடங்கின. கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்கிருந்த நாற்காலிகளெல்லாம் இங்கே வந்து குவிந்தன. உட்காரத்தான் ஆள் இல்லை.

அந்நாட்களில்தான் தங்கள் பேச்சில் ஒரு சொல் மாறியது. "சூப் சொல்லுங்க, சூடா இருக்கும்" என்றீர்கள். நல்லா இருக்கும் என்று அதன்பின் ஒருவரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்லவும் தங்களுக்கு மனமில்லை, எங்களைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. அது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவர்கூட ஏன் அக்கா என்று கேட்கவில்லை.

இனி இன்றைய கதை. மதிய விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது தலைமைச் சமையற்காரரே சொன்னார்: "கடைசி நாள் அதுவுமா அக்காவுக்கு நம்ம சாப்பாட்டையா போடறது? எதிர்க்கடையில சொல்லிடலாம்." தலையை ஆட்டினோம். சொன்னவருக்கும் உறைக்கவில்லை, கேட்ட எங்களுக்கும் உறைக்கவில்லை.

பொட்டலங்களோடு படியேறியவரைச் சாப்பிட வந்தவர் என்று நினைத்து, "வாங்க, எத்தனை பேரு?" என்றீர்கள்.

"சாப்பிட வரலைங்க, டெலிவரி. இந்த ஹோட்டல் ஸ்டாஃபுக்கு" என்றார் அவர்.

தாங்கள் சிரித்தீர்கள். "அட்ரஸ் மாறி வந்துட்டீங்க. இது சாப்பாட்டுக் கடைங்க. இங்க இருக்கறவங்க வெளியிலயா வாங்கிச் சாப்பிடுவாங்க? பக்கத்துல பேங்க் இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க." தெருவரை கூடவே போய்க் கையைக் காட்டிவிட்டும் வந்தீர்கள். அவர் அங்கிருந்தபடியே போனைப் போட்டார். மணி தங்கள் முதுகுக்குப் பின்னால், தலைமைச் சமையற்காரரின் சட்டைப்பையில் அடித்தது.

எங்களுக்காகப் பரிந்து பேசிய வாய் மூடுவதற்குள் எங்கள் சாயம் வெளுத்துவிட்டது. தாங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்போம். தாங்களோ அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அலைக்கழித்ததற்கு மன்னிப்பும் கேட்டுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டீர்கள். நல்ல தட்டுகளாக எடுத்துவைத்து, "ஆறிடப்போகுது, உட்காருங்க" என்று எங்களுக்கே பரிமாறினீர்கள். தங்களுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு, பசிக்கவில்லை என்றீர்கள். அந்தச் சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நாளை முதல் தாங்கள் நின்ற இடத்தில் வைப்பதற்கு, 'விருப்பமான இடத்தில் அமரவும்' என்று எழுதிய பலகையைத் தலைமை அலுவலகம் அனுப்பியிருக்கிறது. யாரும் இன்னும் அதைப் பிரிக்கவில்லை.

தங்கள் முழங்கால் வலி தீரட்டும். வாசலைப் பார்த்தே நின்ற கண்கள் இனி வாசலை மறந்து நன்றாக உறங்கட்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, யாரும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்து சாப்பிடும் நாட்கள் தங்களுக்கு நிறைய வாய்க்கட்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்நேரம் பெரிய பானை அடுப்பில் இருக்கிறது. காகிதக் கட்டுகளை வெளியே எடுத்து, பானையைத் துலக்கி, எலும்பும் காய்களும் நாங்களே சந்தையில் பார்த்து வாங்கிவந்து போட்டிருக்கிறோம். தலைமைச் சமையற்காரர் உப்பைத் தானே பார்த்துவிட்டு, நம்பாமல் பாத்திரம் கழுவுபவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கைவிட்டுப்போன வேலை, எப்படி வந்திருக்கிறதோ தெரியாது. தாங்கள் குடும்பங்களுக்கென்றே ஒதுக்கிவைக்கும் ஜன்னலோர மேசையில் இன்று தாங்கள் உட்காருங்கள், நாங்கள் நிற்கிறோம். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சூடாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்களுக்குப் புரியும்.

தங்கள் சொல்லுக்குக் காத்து நிற்கும்,
சமையலறை, கூடம், கல்லாப் பணியாளர்கள்