அத்தானின் இரண்டாவது படம்

ஸ்கேன் அறை எப்போதும் குளிராகத்தான் இருக்கும். வருகிறவர்களுக்கு நானே போர்வை போர்த்திவிடுவேன். என்னிடம் அந்த அக்கறைக்குக் குறைவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

என் ஆய்வு எளிமையானது. ஆரோக்கியமானவர்களின் மூளையைச் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்பப் படமெடுப்போம். ஆள் மாறாதபோது அளவும் மாறக்கூடாது. மாறினால், அந்தக் கருவியை நம்பி நோயாளிக்கு எதுவும் சொல்ல முடியாது.

பலர் பாதியில் நின்றுவிட்டதால் ஆள் போதவில்லை. அக்காவின் கணவர் தானாக வந்தார். பேருந்து ஓட்டுநர், காய்ச்சல் என்று ஒரு நாளும் படுத்தறியாதவர்.

"எனக்கும் மூளை இருக்குன்னு உங்க அக்காகிட்ட காட்டணும், ஒரு படம் குடு மாப்ள" என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

முதல் படம் சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் வலப்பக்கம் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அது கட்டி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

சொன்னால் அவரை நீக்க வேண்டும். இன்னும் ஒருவர் குறைந்தாலும் ஆய்வு நின்றுவிடும். முதல் படத்தின் அளவுகளையே லேசாக மாற்றி இரண்டாவதாகப் பதிந்தேன்.

"எப்படி இருக்கு மாப்ள?"

"அப்படியே இருக்கு அத்தான்."

மூன்றாவது முறை அது புளியங்கொட்டையளவு ஆகியிருந்தது.

"இடது கை அடிக்கடி மரத்துப்போகுது. டாக்டர பாக்கட்டுமா?"

"நான்தான் உள்ளயே பாத்துட்டேனே. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிச்சா மரத்துத்தான் போகும்."

நிம்மதியாகப் போனார். அடுத்த நாளும் பேருந்தை எடுத்தார், ஆட்களை ஏற்றிக்கொண்டு.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் கட்டியை எடுத்திருக்கலாம் என்று மருத்துவர் அக்காவிடம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ எடுத்த படத்துல ஒண்ணுமே தெரியலயாடா?"

"ஒண்ணும் தெரியலக்கா."

அத்தானுக்குப் பேச்சு போயிருந்தது. கண்கள் மட்டும் என் மேலேயே நின்றன. அந்த வாரமே இறந்துபோனார்.

அக்கா அந்தப் படங்களை வாங்கி வேறொரு மருத்துவரிடம் காட்டியதால்தான் இன்று இந்த விசாரணையில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். வருத்தமில்லை. தெரிந்தேதான் அவரைச் சாகவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மாதங்களை அவர் பயமே இல்லாமல் வாழ்ந்தார். அதை அவருக்குக் கொடுத்தவன் நான்.