ஆலிஸின் சீதனம்

எழுத்து வேலை என்றால் எனக்குப் பிடிக்கும், சட்டத்தரணி அம்மா. ஊர்காவற்றுறையில் நொத்தாரிசு ஒருவரிடம் பதினொரு வருடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியவள் நான். இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து ஆறு வருடம் தரைதான் துடைத்தேன். பிறகுதான் பொலிதேயாமாப் பக்கத்து வீடொன்றில் சினியோரா வினிஃபிரட் கிடைத்தார்.

அவர் ஆங்கிலேய விதவை. எண்பது வயது, பிள்ளை குட்டி இல்லை. முன்னோரைத் தேடுவதே பொழுது. எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்தில் தோமஸ், ஆலிஸ் என்று ஒரு அண்ணனும் தங்கையும் தகப்பனின் மாவாலைக்காக வழக்காடியிருக்கிறார்கள். ஆலை யாருக்குப் போனதோ, அவருடைய வழியில் வந்தவர்தான் சினியோரா. வழக்குக் கட்டின் பிரதிகளை வாங்கி வைத்திருந்தார். கண் மங்கிவிட்டது, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி பிடித்து நாளுக்கு நாலு வரி வாசிப்பார். கட்டை வாசித்து எழுதிக் கொடுப்பது என் வேலை; அந்தக் காலத்துக் கையெழுத்தை எனக்குப் பழக்கியவரும் அவரே.

கலியாணத்தில் ஆலிஸ் சீதனம் வாங்கினாள் என்று ஒரு தாளில் இருந்தது. எங்கள் வழக்கப்படி சீதனம் வாங்கியவளுக்குத் தகப்பன் சொத்தில் பிறகு பங்கில்லை. மிச்சத்தை ஏன் வாசிக்கவேண்டும் என்று, “ஆலை தோமஸுக்கு” என எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் தோமஸின் பிள்ளைகளைத் தேடினோம். ஒருவனும் பொருந்தவில்லை. சினியோரா மேசையில் குத்துவார். “எங்கேயோ பிழை இருக்கிறது, மலர். திரும்ப வாசி” என்பார். எனக்கும் தலை வெடிக்கும். திரும்ப வாசித்தேன். கட்டின் அடியில் தீர்ப்புக் கிடந்தது. ஆலை ஆலிஸுக்கு.

என் கணவர் றஞ்சித் துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிறவர். அவரிடம் சொன்னேன்.

“உண்மையைச் சொல்லிப்போடு. அந்த மனிசி ஒண்டும் செய்யாது.”

“எனக்கு முன்னம் இருந்தவளை ஒரு திகதியைப் பிழையா வாசிச்சதுக்கே நிப்பாட்டினவ. வேலை போனா இந்த நாட்டில இருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. பேந்து என்ன செய்யிறது?”

அந்த மாதம் சினியோரா, முதல் தாளிலிருந்து தானே பார்க்கப்போவதாகச் சொன்னார். நாளுக்கு நாலு வரி என்றாலும் ஒரு வருடத்தில் தீர்ப்புக்கு வந்துவிடுவார். தீர்ப்பை நான் கிழிக்கவில்லை. உறுதிகளோடு பதினொரு வருடம் இருந்தவளுக்கு அதற்கு மனம் வராது.

அவருடைய கண்ணுக்குக் காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுவது நான்தான். அது இல்லாவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். போத்தலைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். கிருமி உள்ளே போனால் கண்ணுக்குக் கூடாது. ஒரு வேளையும் தவறவிட்டதில்லை.

பத்து மாதத்தில், ஒன்பதாம் தாளில் அவருடைய வாசிப்பு நின்றுபோனது. அதன்பிறகு எல்லாவற்றையும் நானே வாசித்தேன். தோமஸின் கிளையில் யாரும் அகப்படவில்லை என்று அவர் அழுவார். எனக்கும் வெறுத்துப்போகும். பிழையான கிளையில் எவ்வளவு தேடினாலும் யார் அகப்படுவார்?

டாக்டருக்குச் சந்தேகம் வந்து போத்தலைச் சோதனைக்கு அனுப்பினார். ஓம், நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரியுமா? இல்லாவிட்டால் என்னை இங்கிருந்து கெதியாக அவரிடம் அனுப்பிவிடுங்கள். பாவம் சினியோரா, கண் தெரியாத மனிசி; என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?