மெல்ச்சம் வளைவின் வெள்ளைக் கோடுகள்

நாய்க்கழிவு போடும் தொட்டியை எங்கே வைப்பது என்று ஒரே கூட்டத்தில் முடிவுசெய்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், அவர் கிராம மன்றத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். எங்கள் மெல்ச்சத்தில் அதற்கு நாலு கூட்டம் ஆனது. எல்லாருக்கும் தொட்டி வேண்டும், தன் வாசலில் மட்டும் வேண்டாம். கடைசியில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக வைத்தோம். அங்கே இருப்பவர்கள் யாரும் ஆட்சேபம் எழுதிப் போடவில்லை. சிரியுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, பரவாயில்லை. அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

நான் ஆம்ப்ரோஸ் டக்வெல், மன்றத்தின் கிளார்க். பத்தொன்பது வருஷமாக. ஏழு உறுப்பினர்கள் பேசுவார்கள், கிளார்க் வேலையைப் பார்ப்பார். இங்கிலாந்து முழுக்க இதுதான் நடைமுறை, இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஜனவரியில் கிராம வரி எவ்வளவு போடலாம் என்று சண்டை. பிப்ரவரியில் உயிர்வேலி வெட்டு. மார்ச்சில் கணக்கு முடிப்பு. ஏப்ரலில் பொதுக்கூட்டம், ஊரே வரலாம், ஆனால் வருவது மூணு பேர், அதில் ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மே மாதம் தலைவர் தேர்வு. மிஸஸ் பெட்லோ "ஐயையோ, இந்த வருஷம் எனக்கு வேண்டவே வேண்டாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு கோடையில் புல், பூக்கூடைகள். நவம்பரில் போர் நினைவுத் தூணுக்கு மலர்வளையம். மறுபடி ஜனவரி, மறுபடி சண்டை. நல்ல வாழ்க்கை அம்மா, பொய் சொல்லமாட்டேன்.

இந்த வட்டத்துக்குள் வராத ஒரே விஷயம் ஜீப்ரா கிராஸிங். பள்ளிக்கூடம் சாலைக்கு இந்தப் பக்கம், விளையாட்டு மைதானம் அந்தப் பக்கம், நடுவில் வளைவு. கல்குவாரி லாரிகள் அதில் திரும்பும் வேகம் உங்களுக்குத் தெரியும், நீங்களே போய் நின்று பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ஓடுவார்கள். சாலை மாவட்டத்துக்குச் சொந்தம். அவர்கள்தான் கோடு போட வேண்டும். எங்கள் ஒரு வருஷத்து வரிப் பணம் மொத்தத்தையும் கொட்டினாலும் அந்தச் செலவில் பாதி தேறாது. அதனால் நான் எழுதினேன். பதினோரு வருஷம் எழுதினேன். ஊரில் அதற்கு 'ஆம்ப்ரோஸோட கோடு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மதுக்கடையில் நான் நுழைந்தால், "என்ன ஆம்ப்ரோஸ், கோடு வந்துச்சா, இல்ல பெயிண்ட் காய்ஞ்சு போச்சா?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாவட்டச் சாலை அலுவலகத்தில் ஒரு இளைஞன் போனை எடுத்தான். மற்றவர்களைப் போல மழுப்பாமல் உள்ளதைச் சொன்னான்.

"சார், மனசு விட்டுச் சொல்றேன். உங்க வளைவுல இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல. பட்டியல்ல நீங்க கடைசி. யாராவது போய்ச் சேர்ந்தாத்தான் மேல வருவீங்க. அப்ப நாங்களே பெயிண்ட தூக்கிட்டு ஓடி வருவோம்."

அவனுக்கு நன்றி சொன்னேன். என்ன தகுதி வேண்டும் என்று அதுவரை யாரும் எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. தகுதி இன்னது என்று தெரிந்துவிட்டால் அதைப் பூர்த்தி செய்வது கிளார்க்கின் கடமை. மைதானத்து ஊஞ்சலுக்கு நிதி வாங்கியதும் அப்படித்தான்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. இரண்டு குளிர்காலம் காத்திருந்தேன், தானாக நடக்கிறதா என்று. ஒன்றும் நடக்கவில்லை. மெல்ச்சம்காரர்கள் ஜாக்கிரதையானவர்கள்.

பிறகுதான் யார் என்று யோசித்தேன். பிள்ளைகள் என்ற பேச்சுக்கே இடமில்லை, பிள்ளைகளுக்காகத்தானே இத்தனையும். உறுப்பினர்களும் கூடாது. உறுப்பினர் ஒருவர் இறந்து, ஊரில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் இடைத்தேர்தல் வைக்க வேண்டும், அந்தச் செலவு மன்றத்தின் தலையில். போன தடவை இடைத்தேர்தல் நடந்த வருஷம் பூக்கூடையே கட்டமுடியாமல் போனது, மிஸஸ் பெட்லோ என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. குடும்பஸ்தர்களும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் இருந்தவர் டெஸ்மண்ட் யெலண்ட்.

டெஸ்மண்டை உங்களுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். பிஸ்கட் கம்பெனியில் ஊர் ஊராகப் போய் விற்றவர். ஓய்வு பெற்று எங்கள் ஊருக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, நாய்கூட இல்லை. எங்கே போனாலும் கையில் ஒரு பிஸ்கட் டப்பா. வந்த ஆறு மாதத்தில் எல்லார் பேரும் தெரியும், எல்லார் நாயின் பேரும் தெரியும். வேகக் கண்காணிப்புக் குழுவுக்கு ஆள் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவர் அவர்தான். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேகம் அளக்கிற துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்கிற வேலை. மழையிலும் நிற்பார். வேகமாக வருகிறவனைப் பார்த்து "வீட்ல அடுப்புல பால் பொங்குதா தம்பி?" என்று கத்துவார், அவனும் கையசைத்துவிட்டு மெதுவாகப் போவான்.

எனக்கு அவர்மேல் எந்த விரோதமும் கிடையாது. மே மாதக் கூட்டத்தில் மிஸஸ் பெட்லோ, "இந்தக் கோட்டு வேலைய டெஸ்மண்ட் கையில குடுத்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும், நம்ம ஆம்ப்ரோஸ் இன்னும் தபால்தலை நக்கிட்டு இருக்காரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பார்வையாளர் வரிசையில் இருந்த டெஸ்மண்ட் மட்டும் சிரிக்கவில்லை, "ஏம்மா அப்படிச் சொல்றீங்க, மனுஷன் தனியா இழுத்துட்டு இருக்காரு" என்றார். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. எனக்காகப் பரிந்து பேச ஆள் வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் நான் அவரைத் தீர்மானித்தது அதற்கு மூன்று மாதம் முன்பே, பிப்ரவரியில். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் வளைவில் இருக்கிற உயிர்வேலியை வெட்ட ஆள் விடுவது என் பொறுப்பு. இந்த வருஷம் அந்த வளைவை மட்டும் விட்டுவிட்டேன். செலவு மிச்சம் என்று சொன்னேன், மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். மார்ச் பிறந்துவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை வேலியில் கைவைக்க முடியாது, பறவைகள் கூடு கட்டும் காலம். ஜூனில் பார்த்தால் முள்ளும் தழையுமாகப் புல்வெளி ஓரத்தை விழுங்கிவிட்டு, தார் விளிம்புவரை வந்து நின்றது. திரும்பி வருகிற லாரிக்காரனுக்கு முன்னால் நிற்கிற ஆள் தெரியாது. நிற்பவனுக்கும் லாரி தெரியாது. உள்ளே ஒரு பாடும்பறவை முட்டையிட்டு நாலு குஞ்சு பொரித்திருந்தது. நான் அதைத் தினமும் போய்ப் பார்ப்பேன்.

ஜூலையில் ஒரு உறுப்பினர் ஊரைவிட்டுப் போவதாக இருந்தது, அந்த இடத்துக்கு டெஸ்மண்டைச் சேர்க்கலாம் என்று பேச்சு அடிபட்டது. சேர்த்துவிட்டால் இடைத்தேர்தல் செலவு என்ற சிக்கல் வந்துவிடும். அதனால் ஜூனுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. கண்காணிப்புக் குழு நிற்கிற இடத்தைப் பள்ளி வாசலிலிருந்து வளைவுக்கு மாற்றினேன். தன்னார்வலர் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இருந்தது.

அன்று வியாழக்கிழமை. பள்ளி விடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் லாரிகள் காலியாகத் திரும்பி வரும், காலியாக வந்தால் வேகம் கூடும். குழுவில் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது விதி, ஆகவே நானும் போனேன். நான் எதிர்ப்பக்க மேட்டில் நின்று வண்டி எண்களைக் குறித்துக்கொண்டேன். அவர் வேலியை ஒட்டி நின்றார். மேட்டிலிருந்து எனக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நன்றாகவே தெரிந்தது. லாரி வருவதைப் பார்த்துவிட்டு, "டெஸ்மண்ட், ஒரு அடி முன்னால வாங்க, அங்கிருந்து அளவு சரியா விழாது" என்றேன்.

"இப்ப சரியா?" என்று கேட்டு ஒரு அடி வைத்தார்.

"சரி" என்றேன்.

லாரி நின்றது. ஆனால் சற்றுத் தள்ளிப்போய்த்தான் நின்றது. ஓட்டியவன் ராபி, பக்கத்து ஊர்ப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம். சாலையில் உட்கார்ந்து, "நான் பாக்கலையே, சத்தியமா நான் பாக்கலையே" என்று அழுதான். நீ பார்த்திருக்க முடியாது என்று நான்தான் அவனைத் தேற்றினேன். இப்போது அவன் லாரி ஓட்டுவதில்லை, வீட்டைவிட்டு வெளியே வருவதும் இல்லை என்கிறார்கள். மன்றத்தின் சார்பில் ஒரு ஆறுதல் அட்டை அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பெயிண்ட் வந்தது. பதினோரு வருஷம் வராதது, மூன்று வாரத்தில். வெள்ளைப் பட்டைகள், இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு, ஜோராக இருந்தது. முதல் நாள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதில் குதித்துக் குதித்துக் கடந்தபோது, சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நீங்கள் இதை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நான் இன்று தானாக வந்ததற்குக் காரணம் வேறு. போன செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மிஸஸ் பெட்லோ எழுந்து, அந்தக் கிராஸிங்குக்கு 'யெலண்ட் கிராஸிங்' என்று பித்தளைப் பலகை வைக்க வேண்டும் என்றார். ஒருமனதாக நிறைவேறியது. நான் கையெழுத்துப் போட வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கிராஸிங்கை யார் கொண்டுவந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். "அட போங்க ஆம்ப்ரோஸ், செத்தவர்கூடவா போட்டி?" என்றார் மிஸஸ் பெட்லோ. போட்டி இல்லை அம்மா. தவறான தகவல் ஊருக்கு நடுவில் பித்தளையில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் அறிக்கை வெளிவந்தால் பலகையைத் திருத்திவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் இப்போது சொன்னதைக் கேட்டேன். மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தீர்கள், கிராஸிங்குக்கு உத்தரவு கையெழுத்தானது விபத்துக்கு இரண்டு நாள் முன்னால், டெஸ்மண்ட் நேரில் போய்க் கேட்டு வாங்கியது, அவர் செத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். இது எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்று நினைத்து, பாவம், எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறீர்கள்.

எனக்குத் தெரியும் அம்மா. அன்று வளைவுக்கு நடந்துபோகும்போது அவரே சொன்னார்.

"நில்லுங்க ஆம்ப்ரோஸ், ஒரு சமாசாரம். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு ரெண்டு நாளா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன். கோடு வருது! கையெழுத்தே ஆயிருச்சு. சும்மா ஒரு டப்பா பிஸ்கட்ட எடுத்துட்டு அந்த ஆபீசுக்குப் போனேன், அங்க இருக்கற அம்மா தங்கமானவங்க. பதினோரு வருஷமா எழுதுனாரே, ஒரு தடவ நேர்ல வந்திருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. இதுக்கு ஆம்ப்ரோஸ் கோடுன்னுதான் பேரு வைக்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அடுத்த கூட்டத்துல நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க, நான் வாயத் தொறக்கமாட்டேன்."

நல்ல செய்தி என்று கைகொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். பிறகு போய் அவரவர் இடத்தில் நின்றுகொண்டோம்.

அதற்கப்புறமும் ஏன் ஒரு அடி முன்னால் வரச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். மன்ற வேலை பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள். அவர் சொன்னது வாய்ப்பேச்சு. கூட்டத்தில் வைத்து, ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏறினால்தான் ஒரு காரியம் நடந்ததாகக் கணக்கு. டெஸ்மண்ட் சொன்னது அப்படி எதிலும் ஏறியிருக்கவில்லை. ஆகவே அந்த வியாழக்கிழமை, லாரி திரும்பிய நேரத்தில், அந்தக் கோடு இன்னும் என்னுடைய வேலையாகத்தான் இருந்தது.