பாலைவனத்தில் குளிருமா

மார்கழி ஒன்பது, புதன்கிழமை. வழக்கம்போல் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போனேன். பேருந்தில் முன் இருக்கையில் பரங்கிப்பேட்டைக்காரர் இருவர்.

"பாலைவனத்துல குளிருதா? யாருகிட்ட மச்சான் கதை உடுற?"

"மெய்யாத்தான். அரபி விடிகாலைல ராஜாளி வச்சி வேட்டையாடுவாரு, நாந்தான் வண்டி ஓட்டணும். போன வருசம் கை வெறச்சி ஸ்டியரிங்கே புடிக்க முடியல. இந்தவாட்டியும் அப்படின்னா ஊருக்கு அனுப்பிடுவேன்னுட்டாரு."

"ஸ்வெட்டருக்கு உள்ள என்ன போட்ட?"

"பனியன்."

"அதான். பனியன் வேர்வைல நனஞ்சா ஒடம்பே சில்லுன்னு ஆயிடும், கைக்கு எங்கேருந்து சூடு வரும்? எங்க ஐஸ் கம்பெனில கம்பளியத்தான் வெறும் ஒடம்புல போடுறாங்க."

"அரிக்குமே மச்சான்."

"சொறியிற கை எப்படி வெறைக்கும்?"

மறுநாள் காலை நடைக்குக் கிளம்புமுன், முதல் வேலையாகப் பனியனைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டரை வெறும் உடம்பில் போட்டேன். அரித்தது, குளிரவில்லை.