கடைசிப் பின்

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது யாருக்கும் நடப்பதுதான், சார். அதை நம்பித்தான் விவேக் நகரில் என் சாவிக் கடை ஓடியது. காருக்கு, கண்ணாடி இடுக்கில் விடுகிற தகடு. வீட்டுக் கதவுக்கு இரண்டு மெல்லிய கம்பிகள். ஒன்று அழுத்திப் பிடிக்க, இன்னொன்று பூட்டுக்குள்ளே இருக்கிற பின்களைத் தூக்க. எல்லாப் பின்னும் ஏறி நின்றால்தான் பூட்டு திறக்கும்.

ஐரின் என் ஒரே மகள். தாயில்லாமல் வளர்த்தேன். ஸ்ரீகண்டனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு ஈஜிபுராவுக்குக் குடிபோனாள். நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தட்டை மட்டும் கழுவி வைப்பது எனக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. கையில் இன்ஹேலர்.

"அப்பா, அவருக்கு மூச்சு முட்டுது. மெடிக்கலுக்குப் போய் வர்றதுக்குள்ள காத்துல டோர் சாத்திக்கிச்சு. கீ உள்ள இருக்கு. பேகா வாப்பா, சீக்கிரம்."

ஆட்டோவில் வழி முழுவதும் என் கையை விடவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், தரையோரத்தில், விசில் மாதிரி மூச்சு கேட்டது. பக்கத்து வீட்டு மதலைமுத்து கடப்பாரையோடு நின்றார்.

"உடைச்சிடலாங்க."

"வேணாம். கதவோரமாத்தான் கிடக்கிறாரு. அவர் மேலயே விழும்," என்றேன்.

"அப்பா தொறந்துடுவாரு அங்கிள்," என்றாள் ஐரின்.

மண்டியிட்டுக் கம்பிகளை விட்டேன். சாதாரணப் பூட்டு. பின்கள் ஒவ்வொன்றாக ஏறுவது விரலில் தெரிந்தது. கடைசிப் பின் ஏறும் நேரத்தில் பிடியைத் தளர்த்தினேன். எல்லாம் இறங்கிவிட்டன. மறுபடி ஏற்றினேன். மறுபடி தளர்த்தினேன். அந்த மூச்சு நிற்கும்வரை. பிறகு திறந்தேன்.

அவள் என் தோளில் விழுந்து அழுதாள். வீட்டுக்கு அழைத்து வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கதவும் அப்படிச் சாத்திக்கொண்டது. அதே மாதிரிப் பூட்டு. கைப்பழக்கம், சார். அவள் காய்கறிப் பையைக் கீழே வைப்பதற்குள் திறந்துவிட்டேன். அவள் உள்ளே வரவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு ஏம்ப்பா அவ்ளோ நேரம்?"

பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். இன்னும் திரும்பவில்லை.

அவனை நான்தான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஐரின் என்னைப் பார்க்க வந்தால் மட்டும் உள்ளே விடுங்கள். வருவாள், சார். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?